தொண்ணூற்றேழு சதவீத ஆடு

"நீ யார்?" என்ற கேள்விக்கு மனிதகுலம் இன்றுவரை உருப்படியாகப் பதில் சொன்னதில்லை. ஞானிகள் காட்டுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். தாடி வளர்ந்ததுதான் மிச்சம். ஆனால் ஆடுகளைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி எப்போதோ தீர்ந்துவிட்டது. நகரத்தின் கோடியில், பேருந்து வளைந்து திரும்பும் இடத்துக்கு எதிரே நிற்கும் கால்நடை இன அடையாள மையம் அதைத் தீர்த்து வைத்தது. ஆட்டின் நாலு முடியை வேரோடு பிடுங்கிக் கொடுத்தால் போதும். தன்னைப் பற்றி அந்த ஆட்டுக்கே தெரியாததையெல்லாம் மையம் அச்சடித்துக் கொடுத்துவிடும்.

இப்பேர்ப்பட்ட மையத்தின் வரலாற்றை ஒரு முழங்கை மாற்றியது. முழங்கை, புள்ளியினுடையது.

புள்ளி என்பது மையத்தின் புள்ளியியல் அதிகாரிக்கு அலுவலகம் வைத்த பெயர். பெரும்புள்ளி எல்லாம் இல்லை, வெறும் புள்ளிதான். நல்ல மனிதர். "மழை வருமா சார்?" என்று யாராவது கேட்டால், ஜன்னலுக்கு வெளியே கொட்டிக்கொண்டிருக்கும்போதும், "வாய்ப்பு அதிகம்" என்பார். சாப்பிட்டாச்சா என்றால் "பெரும்பாலும்" என்பார். அவர் வாயிலிருந்து ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல் விழுந்து கேட்டவர் அந்தக் கட்டடத்தில் கிடையாது. மையம் இதற்கு "அறிவியல் நிதானம்" என்று பெயர் வைத்து, ஒரு வருடம் சுவர்க்கடிகாரம்கூடப் பரிசளித்திருக்கிறது.

அன்று முற்பகல், ஆய்வுக்கூடத்தின் ஏசியைப் பழுது பார்க்க வந்தவர் ஏணியில் நின்றபடி பேச்சுக்கு ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். "எல்லா ஆடும் ஆடுதானே சார். இதுல என்னத்தக் கண்டுபிடிக்கறீங்க?"

விஞ்ஞானத்தின் மேல் விழுந்த பழியைப் புள்ளி பொறுப்பாரா?

"அப்படிச் சொல்லிட முடியாதுப்பா. பெரும்பாலான ஆடு நடுவுல இருக்கும். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகப் போகக் குறைஞ்சுகிட்டே வரும்" என்று, மணியைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் அந்தப் புகழ்பெற்ற வளைவைக் காற்றில் இரண்டு கைகளாலும் வரைந்து காட்டினார். வளைவின் இடது வால் அருமையாக வந்தது. வலது வால் மேசையிலிருந்த ஐஸ் பெட்டியில் பட்டது.

பெட்டி கவிழ்ந்தது. அதில் செருகியிருந்த சின்னச் சின்னக் குழாய்கள் விடுதலை கிடைத்தாற்போல் நாலா பக்கமும் உருண்டன. ஒன்று உடைந்தது. லேபிள்கள் மையம் சிக்கனத்துக்காகத் தேர்ந்தெடுத்த ரகம். ஈரம் பட்டதும் கழன்று, ஐஸ் தண்ணீரில் காகிதக் கப்பல்களாக மிதந்தன.

ஏணிக்காரர் கீழே பார்த்தார். "நான் எதையும் பார்க்கல சார்" என்று மறுபடி ஏசிக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

அந்தக் குழாய்களில் இருந்தவை என்ன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பல ஊர் ஆடுகளின் மரபணுச் சாறு. அவற்றுக்கு நடுவே ஒரு குழாயில், மையத்தின் முன்கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும், மரத்தூள் அடைத்த ஒரு பழைய ஆட்டின் தோலிலிருந்து எடுத்த சாறு. உலகத்தின் கடைசி "வெள்ளிக்கொம்பு" இன ஆடு அது என்று பெட்டியின் மேல் எழுதியிருக்கும். ஒரு கண் விழுந்து, அந்த இடத்தில் சட்டைப் பொத்தான் ஒட்டப்பட்டிருக்கும். இன்னும் இரண்டு குழாய்களில் இருந்தது புள்ளியுடைய அக்காவின் ஆடு. எந்தச் சோதனைக்கும் ஒப்பிட்டுப் பார்க்க, எந்தப் பெருமையும் இல்லாத ஒரு சாதாரண ஆடு வேண்டும். "எங்க வீட்டுல இருக்கு" என்று புள்ளிதான் முன்வந்தார். அதன் முடியை இரண்டு முறை பிடுங்கி இரண்டு குழாயில், இரண்டாவதை உதிரியாக, வைத்தார்கள்.

புள்ளி குழாய்களைப் பொறுக்கினார். லேபிள்களை மீன் பிடிப்பதுபோல் பிடித்தார். எது எதனுடையது? கண்ணை மூடி யோசித்து, மதிப்பீட்டின் அடிப்படையில் ஒட்டினார். உடைந்தது உதிரிக் குழாயாகத்தான் இருக்கும் என்றும் மதிப்பிட்டார். மனதில் லேசாக ஏதோ உறுத்தியது. உறுத்தலின் அளவு குறிப்பிடத்தக்கதாக இல்லாததால் விட்டுவிட்டார்.

மையம் இனத்தைக் கண்டுபிடிக்கும் முறை எவ்வளவு உன்னதமானது என்று பாருங்கள். மரபணுவில் சில இடங்களில் அடையாளக் குறிகள் உண்டு. அவற்றை இயந்திரம் படித்து, ஏற்கெனவே பட்டியலில் உள்ள இனங்களோடு ஒப்பிட்டு, எதற்குக் கிட்டத்தில் இருக்கிறதோ அதுதான் நீ என்று சொல்லும். "தெரியவில்லை" என்று ஒரு விடையும் முன்பு இருந்தது. ஆனால் மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் அது பார்க்க நன்றாக இல்லை என்று நீக்கிவிட்டார்கள். அதேபோல் "நூறு" என்ற எண்ணுக்கும் மையத்தில் இடம் கிடையாது. இது புள்ளி கொண்டுவந்த விதி. தொண்ணூற்றெட்டு வரலாம், தொண்ணூற்றொன்பதுகூட வரலாம். நூறு என்பது யோசிக்காதவர்கள் சொல்வது.

முடிவு வந்த அன்று கூட்டம் போட்டார்கள். திரையில் ஆடுகள் எல்லாம் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன. மூலையில் தனியாக, ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்தாற்போல் இரண்டு புள்ளிகள்.

"ஒண்ணு நம்ம கண்ணாடிப் பெட்டி வெள்ளிக்கொம்பு" என்றார் இயக்குநர். குரல் தழுதழுத்தது. "அது மேல உட்கார்ந்திருக்கறது யாரு?"

"எண் ஏழு சார். சாதாரண ஆடு" என்றார் ஜெல் மேடம். ஆய்வுக்கூடத்தின் தலைவி அவர். வாழ்க்கையில் பாதியை, மரபணுவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் வரும் கோடுகளைப் பார்த்தே கழித்ததால் அந்தப் பெயர்.

"எவ்வளவு?"

"தொண்ணூற்றேழு சதவீதம்."

இயக்குநர் எழுந்து நின்றார். அவர் நின்றதால் எல்லோரும் நின்றார்கள். "அழிஞ்சு போன இனம்னு உலகமே கைகழுவிடுச்சு. அது நம்ம புள்ளி வீட்டுக் கொல்லையில மேய்ஞ்சுகிட்டு இருந்திருக்கு."

புள்ளி திரையை மறுபடி பார்த்தார். இரண்டு ஆடுகள் இப்படி ஒட்டி உட்காரவே முடியாது. ஒரே ஆடாக இருந்தால்தான் முடியும். உடைந்தது உதிரிக் குழாய் இல்லை, பழைய தோலின் குழாய். அதன் லேபிள் அக்கா ஆட்டின் இரண்டாவது குழாயில் ஏறிவிட்டது. அதாவது மையம் தன் முழு அறிவையும் செலவழித்து, ஓர் ஆட்டை அந்த ஆட்டோடேயே ஒப்பிட்டிருக்கிறது. அது தன்னைப் போலவே இருப்பதில் தொண்ணூற்றேழு வாங்கியிருக்கிறது. மீதி மூன்று, இயந்திரத்தின் கைங்கரியம்.

"சார், ஒரு சின்ன விஷயம்" என்று புள்ளி தொண்டையைக் கனைத்தார். "அந்த ஆட்டுக்குக் கொம்பே கிடையாது. மோழை."

வெள்ளிக்கொம்பு ஆட்டுக்குக் கொம்பு இல்லை என்பது கொஞ்சம் சங்கடமான செய்திதான்.

"கொம்பைப் பார்த்து இனம் சொல்ற காலத்துலயா சார் இருக்கோம்?" என்றார் இயக்குநர் வருத்தத்தோடு. "வெளித்தோற்றம் பொய் சொல்லும். மரபணு சொல்லாது. கொம்பு அதுக்குள்ள இருக்கு."

எல்லோரும் கைதட்டினார்கள். புள்ளியும், பெரும்பாலும், தட்டினார்.

அக்கா மகப்பேறு மருத்துவமனையில் செவிலி. ராத்திரி வேலை முடிந்து காலையில் வந்து, சீருடையோடேயே கொல்லைக்குப் போய் ஆட்டின் கழுத்தைச் சொறிந்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள். ஆட்டின் பெயர் சீமாட்டி. அது நடக்கும் நடையைப் பார்த்து அக்கா வைத்தது. அப்போதுதான் இரண்டு குட்டி போட்டிருந்தது. குட்டிகள் இன்னும் புல்லை மோந்து பார்த்துவிட்டு, இது என்ன கண்றாவி என்று அம்மாவின் மடிக்கே ஓடிக்கொண்டிருந்தன.

மையத்திலிருந்து மூன்று பேர் வந்து சீமாட்டியை நீளமாகவும் அகலமாகவும் அளந்தார்கள். போகும்போது அக்காவிடம் மரியாதையாக விளக்கினார்கள். அரிய இனம் பொதுச்சொத்து. அக்கா இதுவரை "தற்காலிகப் பராமரிப்பாளர்". சீமாட்டி இனிமேல் மையத்தின் "தூய இனக் காப்பு வளாகத்தில்" இருக்கும். குட்டிகள் வரமுடியாது. அவற்றின் அப்பன் பின்தெருக் கிடா. கணக்குப்படி அவை பாதித் தூய்மைதான். கூட வைத்தால் வளாகத்தின் சராசரி கெட்டுவிடும்.

அன்று மாலை அக்கா தம்பியைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"டேய், இது அந்த ஆடாடா?"

"அக்கா, அதை அப்படிக் கேட்கக் கூடாது. கிடைச்சிருக்கற தரவை வெச்சுப் பார்த்தா…"

"நான் தரவைக் கேட்கல. ஆட்டைக் கேட்கறேன். இதோட அம்மாவ நீதானே கயிறு பிடிச்சு இழுத்துட்டு வந்தே. இது பொறந்தப்போ துணிய வெச்சுத் துடைச்சியே. அப்போ இது வெள்ளிக்கொம்பாவா பொறந்துச்சு?"

"அப்போ சோதனை பண்ணலையே."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். புள்ளிக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மெல்ல மெல்ல, சுற்றி வளைத்து, காற்றில் வளைவு வரைந்ததிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது மறுபடி கை வளைவு வரையப் போனது. மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.



"எங்க வார்டுல குழந்தை கையில கட்டுற பேர்ப் பட்டை கழண்டு விழுந்தா என்ன பண்ணுவோம் தெரியுமா?" என்றாள் அக்கா. "எடுத்து ஒட்டமாட்டோம். நின்ன இடத்துலயே கத்துவோம். டாக்டர் திட்டுவாரு, பெத்தவ அழுவா, புருஷன்காரன் அடிக்க வருவான். இருந்தாலும் கத்துவோம்."

"நாளைக்குச் சொல்லிடறேன் அக்கா."

"சொல்லுவியா?"

"வாய்ப்பு…" என்று தொடங்கிய புள்ளி, அக்கா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

மறுநாள் சொல்லத்தான் செய்தார். முதலில் ஜெல் மேடத்திடம்.

"மேடம், அந்தக் குழாயெல்லாம் கீழ விழுந்துடுச்சு. லேபிள் மாறியிருக்கலாம்."

ஜெல் மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "இருக்கலாமா, மாறிடுச்சா?"

"மாறியிருக்க வாய்ப்பு மிக அதிகம்."

"அப்போ மாறாம இருக்கவும் வாய்ப்பு இருக்கு" என்று ஜெல் மேடம் ஆறுதலாக மூச்சு விட்டார். "நீங்க இதை எங்கிட்ட சொல்லல. நான் இதைக் கேட்கல. என்ன?"

இயக்குநர் அப்படித் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. விஞ்ஞானத்தில் ஐயம் எழுந்தால் ஆராய வேண்டும் என்பவர். உடனே ஆராய்ந்தார். சீமாட்டியின் முடியை மறுபடி பிடுங்கி வந்து, மறுபடி சோதித்தார்கள். மறுபடி தொண்ணூற்றேழு. "வெள்ளிக்கொம்பு" என்று இயந்திரத்தில் பதிந்து கிடந்ததே சீமாட்டிதான் என்பதால், வேறு எண் வந்திருந்தால்தான் அதிசயம். இயக்குநர் இதை "தனித்த உறுதிப்பாடு" என்றார்.

"சார், கண்ணாடிப் பெட்டியில இருக்கற தோலைத் திருப்பி எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடும்" என்றார் புள்ளி.

"அது இப்போ பாரம்பரியச் சின்னம் ஆயிடுச்சு. தொடக்கூடாது. மேலிடத்து உத்தரவு."

"யாரு கேட்டு வாங்கினது சார்?"

"நான்தான்."

பிறகு இதை விசாரிக்க ஒரு குழு கூடியது. மூன்று பேர் கொண்ட அந்தக் குழுவின் தீர்ப்பு தர்க்கத்தின் சிகரம். ஓர் எழுத்து விடாமல் தருகிறேன்: "குழாய்கள் கலந்திருந்தால் இத்தகைய ஒற்றுமை தற்செயலாக வந்திருக்க வாய்ப்பே இல்லை. ஒற்றுமை வந்துள்ளது. ஆகவே குழாய்கள் கலக்கவில்லை. தாம் தவறிழைத்ததாகப் புள்ளியியல் அதிகாரி கூறுவது புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கதன்று."

புள்ளி அதைப் படித்தார். வாதம் கச்சிதமாக இருந்தது. இருக்காதா பின்னே? புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இப்படித்தான் வாதாட வேண்டும் என்று பாடம் எடுத்ததே அவர்தான். தான் செய்த தப்பை, தான் சொல்லிக்கொடுத்த கணக்கே செய்யவில்லை என்று நிரூபித்தபோது, அவருக்கு ஒரு நிமிடம், வெட்கத்தை விட்டுச் சொன்னால், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

விழா நாள் வந்தது. அக்கா வீட்டுத் தெருமுனையிலேயே மேடை. பேனரில் சீமாட்டியின் படம் பிரம்மாண்டமாக இருந்தது. ஓவியர் தன் பங்குக்கு இரண்டு வெள்ளிக் கொம்புகளை வரைந்திருந்தார். மேலிடத்து அதிகாரி வந்தார். சீமாட்டியை அக்கா கூட்டி வந்து மேடைக்கு முன்னால் நிறுத்தினாள். ரிப்பன் கட்டியிருந்ததால் ஆட்டுக்கு நடை இன்னும் கொஞ்சம் கூடிப்போயிருந்தது. குட்டிகளைக் கொல்லையில் கூடைக்கு அடியில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். மைக்கில் யார் பேசினாலும், பின்பாட்டு மாதிரி அவை கத்துவது கேட்டது.

அதிகாரி பேனரைப் பார்த்தார், ஆட்டைப் பார்த்தார், மறுபடி பேனரைப் பார்த்தார்.

"கொம்பு எங்கேய்யா?"

"உள்ள இருக்கு சார்" என்றார் இயக்குநர்.

அதிகாரி இறங்கி வந்து ஆட்டின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். அவர் அப்படியொன்றும் முட்டாள் இல்லை. கொஞ்சம் யோசித்து, "கணக்குப் போட்டது யாரு?" என்று கேட்டார்.

புள்ளியை முன்னே தள்ளினார்கள். மைக் அவர் வாய்க்கு நேரே வந்தது. கூட்டம் அடங்கியது. குட்டிகளும் மூச்சு வாங்குவதற்காகவோ என்னவோ ஒரு நொடி நிறுத்தின. எதிரே, முதல் வரிசையில், சீருடையோடு அக்கா. கயிறு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"நீங்கதானா? சொல்லுங்க. இதுல சந்தேகம் ஏதாவது இருக்கா?"

ஒரு சொல் போதும். இருக்கு என்றால் முடிந்தது. புள்ளி வாயைத் திறந்தார். அத்தனை வருடப் பழக்கம் நாக்கின் நுனியில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"சார், சந்தேகம்னு எடுத்துகிட்டா, தொண்ணூற்றேழு சதவீதம்…"

தொண்ணூற்றேழு சதவீதம் சந்தேகம் என்றுதான் சொல்ல வந்தார். அந்த வாக்கியத்தை அவர் மனதில் பல நாள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"அப்புறம் என்ன? அமர்க்களம்" என்று அதிகாரி கைதட்டினார். இயக்குநர் தட்டினார். தெருவே தட்டியது. இரண்டு பேர் வந்து அக்காவின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்கள். பிடுங்கினார்கள் என்று சொல்ல முடியாது, "நன்றிம்மா" என்று சொல்லித்தான் வாங்கினார்கள். வண்டியில் ஏறும்போது சீமாட்டி கூடை இருந்த பக்கம் திரும்பி ஒரு முறை கத்தியது. வெள்ளிக்கொம்பு இனத்தின் குரல் அபூர்வமானது என்று யாரோ அதைப் பதிவு செய்துகொண்டார்கள்.

கூட்டம் கலைந்ததும் அக்கா கொல்லைக்குப் போய்க் கூடையைத் தூக்கினாள். குட்டிகள் ஓடிப்போய், சீமாட்டி வழக்கமாக நிற்கும் வேலியோரத்தில் முட்டிப் பார்த்தன. அங்கே காற்றுதான் இருந்தது. அக்கா மருத்துவமனையிலிருந்து கொண்டுவந்திருந்த பால் புட்டியைச் சூடு பார்த்துச் சின்னதின் வாயில் வைத்தாள். அது ரப்பரைக் கடித்துத் துப்பியது. மறுபடி வைத்தாள்.

புள்ளி துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார்.

"அக்கா, நான் சொல்ல வந்தேன். அந்த ஆள் முடிக்கவே விடல."

அக்கா புட்டியைச் சாய்த்துப் பிடித்தாள்.

"நீயே பாரு. ஏசிக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. லேபிள் மட்டமான சரக்கு. ஜெல் மேடம் கதவைச் சாத்திட்டாங்க. இயக்குநர் தோலைத் தொடவிடல. குழு வேற அப்படி எழுதிடுச்சு. எத்தனை பேரு இருக்காங்க பாரு இதுல. எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தா…" விரல்களை மடக்கி எண்ணினார். "என் தப்பு இதுல எவ்வளவு இருக்கும் அக்கா? சும்மா ஒரு மதிப்பா சொல்லு."

குட்டி கடைசியில் ரப்பரைப் பிடித்து உறிஞ்சத் தொடங்கியது. அக்கா தலையை நிமிர்த்தித் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"முழுசும்" என்றாள்.